வெளிச்சம் தாங்காத தாள்கள்

உச்சிப்புளியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர்கள் சிலர் கூடிப் பேசுவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் ஒரு நாவலோ சிறுகதைத் தொகுப்போ பேசுபொருளாக இருக்கும். அண்மைக் கூட்டமொன்றில் அது ஓவியத்தின் பக்கம் திரும்பியது. விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நண்பர் ஒருவர் கனத்த புத்தகமொன்றைக் கொண்டுவந்திருந்தார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2021இல் நடத்திய செசான் கண்காட்சியையொட்டி வெளியான நூல் அது. செசான் தாளில் வரைந்தவற்றை, அதாவது பென்சில் சித்திரங்களையும் நீர்வண்ண ஓவியங்களையும் மட்டுமே பொருளாகக் கொண்ட கண்காட்சி.

புத்தகம் கைமாறிக் கைமாறி வந்தது. ஒருவர், "பாதிப் பக்கம் வெறும் தாளாகவே கிடக்கிறதே, முடிக்காமல் விட்டுவிட்டாரோ?" என்றார். இன்னொருவர், "வாட்டர் கலர்தானே? பெரிய படம் வரைவதற்கு முன்னால் கைப்பழக்கத்துக்குப் போட்டிருப்பார்" என்று முடித்துவைத்தார். யாரும் மறுக்கவில்லை. எங்களுக்கும் அந்த நேரத்தில் மறுப்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் அந்தத் 'தானே' உறுத்தத் தொடங்கியது. தமிழில் தீவிர இலக்கியம் வாசிக்கிறவர்கள் கூடிய ஓர் அவையில் ஒரு முழுக் கலைவடிவம் ஓர் இடைச்சொல்லில் தள்ளுபடியாகிவிட்டது. இது எங்கிருந்து வந்தது, இதனால் நாம் எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

நீர்வண்ணம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம். பன்னிரண்டு வில்லைகள் கொண்ட கேமல் வண்ணப்பெட்டி, முடி உதிரும் தூரிகை, கலங்கிய நீருள்ள எவர்சில்வர் டம்ளர், இரண்டு மலைகளுக்கு நடுவே உதிக்கும் சூரியன். உச்சிப்புளியிலோ இராமநாதபுரத்திலோ நிமிர்ந்து பார்க்க ஒரு மலை கிடையாது. இருந்தும் நாங்கள் அனைவரும் மலைக்கு நடுவே உதித்த சூரியனைத்தான் வரைந்தோம். எட்டாம் வகுப்போடு அந்தப் பெட்டி பரணுக்குப் போனது. ஆகவே நீர்வண்ணம் சிறுவர்களுக்கானது, எண்ணெய் வண்ணமே பெரியவர்களுக்கானது என்றொரு வரிசை மனத்தில் படிந்துவிட்டது.

ஆனால் பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. சிற்றிதழ் வாசகர்களான நம் கண் பழகிய விதத்திலும் இதற்குக் காரணம் இருக்கிறது. 1970இல் தொடங்கிய 'கசடதபற' முதலாகப் பல இதழ்களின் வழியே நவீன ஓவியம் நமக்கு அறிமுகமாயிற்று. ஆதிமூலத்தின் கோடுகள் நமக்கு நவீன ஓவியம் என்பதன் மறுபெயராகவே ஆயின. அவை மகத்தானவை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. எனினும் சிற்றிதழ்களால் கறுப்பு மையில் மட்டுமே அச்சிட முடிந்தது. வண்ண அச்சுக்குப் பணமில்லை. ஆகவே நவீன ஓவியம் கோடாக மட்டுமே நம்மிடம் வந்து சேர்ந்தது. வண்ணம் வேறு வழியாக வந்தது. 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்த படங்களும், சிவகாசி அச்சகங்களிலிருந்து வந்த கொண்டையராஜுவின் நாட்காட்டிகளும் நம் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் கொண்டுவந்தன. அவற்றை நாம் வணிகம் என்று வகைப்படுத்தி ஒதுக்கினோம். கோடு தீவிரம், வண்ணம் கேளிக்கை என்ற பிரிவினை இப்படித்தான் உருவானது என்பது எங்கள் கணிப்பு. பணமின்மையால் நேர்ந்த ஒன்றை நாளடைவில் ரசனையின் விதியாக்கிக்கொண்டோம்.

*

நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியே ஒரு வண்ணம் கிடையாது என்பதிலிருந்து தொடங்கலாம். வெள்ளை மையைக் கலந்தால் அது ஒளி ஊடுருவாத வேறொரு வகையாகிவிடும். தூய நீர்வண்ணத்தில் வெளிச்சம் தாளிலிருந்துதான் வரவேண்டும். வண்ணம் நீரில் கரைந்து மெல்லிய படலமாகத் தாளின் மீது படிகிறது. நம் கண்ணுக்கு வரும் ஒளி அந்தப் படலத்தைக் கடந்து, தாளில் பட்டு, மீண்டும் படலத்தைக் கடந்து திரும்புகிறது. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே ஓவியர் கைவைக்காமல் இருக்கவேண்டும். எண்ணெய் வண்ணத்தில் தவறு நேர்ந்தால் சுரண்டலாம், மேலே பூசலாம். இங்கே நீர் காய்வதற்குள் முடிவெடுக்கவேண்டும், எடுத்த முடிவு தாளிலேயே தங்கிவிடும்.

செசான் தம் கடைசி ஆண்டுகளில் வரைந்த சாந்த் விக்துவார் மலையின் நீர்வண்ணங்களில் தாள் பரவலாக வெறுமையாக இருப்பது இதனால்தான். நண்பர் கேட்டதுபோல அவர் முடிக்காமல் விடவில்லை. நீலம், பச்சை, காவி என்று சிறு சிறு திட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மலைக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள எல்லையைத் தீர்மானிக்காமலே நிறுத்துகிறார். அந்த வெறுமைதான் அங்கே வெயில். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. நண்பகலில் உச்சிப்புளி ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே பார்த்தால் உடைமரங்களின் குடைகள் தெரியும், அடிமரம் தெரியாது. மணலின் வெள்ளை அடிமரத்தை விழுங்கியிருக்கும். செசான் வரைந்ததும் அதைத்தான்.

1914ஆம் ஆண்டு எங்களுக்கு வேறொரு வகையிலும் முக்கியமானது. அவ்வாண்டு பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. உச்சிப்புளி வழியாகத் தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும் ஓடத் தொடங்கின. அதே ஆண்டு ஏப்ரலில் பால் கிளே, ஆகஸ்ட் மாக்க, லூயி முவாலியே என்னும் மூன்று ஓவியர்கள் துனிசியாவுக்குப் பயணம் போனார்கள். கிளேக்கு அப்போது வயது 34. அதுவரை பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் கோடுகள் வரைந்தவர். துனிஸிலும் கைருவானிலும் இரண்டு வாரத்துக்குள் அவர் வரைந்த நீர்வண்ணங்களில் மசூதியின் கும்மட்டமும் மணலும் வீடுகளும் ஒளி ஊடுருவும் சதுரங்களாக மாறின. நவீன ஓவியத்தில் வண்ணம் தன் பாதையை மாற்றிக்கொண்ட தருணங்களுள் ஒன்று, வறண்ட கடலோர வெயிலில், மடியில் வைத்த சிறு தாள்களில் நிகழ்ந்திருக்கிறது. உடன் சென்ற மாக்க அவ்வாண்டு செப்டம்பரிலேயே உலகப் போரில் கொல்லப்பட்டார். அவருக்கு 27 வயது.

காண்டின்ஸ்கியின் புகழ்பெற்ற முதல் அரூப ஓவியமும் நீர்வண்ணம்தான். 1910 என்று அதில் அவர் எழுதியிருந்தாலும் 1913இல் வரைந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எது சரியாயினும், உருவத்தைக் கைவிடும் துணிவு முதலில் தாளில்தான் வந்தது. கித்தான் விலையுயர்ந்தது. அதற்கு வாங்குபவர் வேண்டும், காட்டுவதற்கு இடம் வேண்டும். தாளுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. நாவலாசிரியர் தம் நாட்குறிப்பில் மட்டும் துணிந்து எழுதிப் பார்ப்பதைப்போல ஐரோப்பிய நவீன ஓவியர்கள் நீர்வண்ணத்தில் துணிந்தார்கள். நாம் 'பயிற்சி' என்று சொல்லி ஒதுக்குவது எதுவோ அதுவே அவர்களுக்குக் களமாக இருந்திருக்கிறது.

*

இந்த ஓவியங்களெல்லாம் ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களில் இருப்பவை, நமக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஏற்பட்டது. நாம் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

1922 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியக் கீழைக்கலைச் சங்கம் தன் பதினான்காவது ஆண்டுக் கண்காட்சியை நடத்தியது. அதில் வைமார் நகரின் பௌஹவுஸ் கலைப்பள்ளியிலிருந்து வந்த படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. கிளே, காண்டின்ஸ்கி, யோஹன்னஸ் இட்டன், லியோனல் ஃபைனிங்கர் முதலியோர் அந்தப் பட்டியலில் இருந்தனர். பௌஹவுஸ் அப்போது தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. இதற்குப் பாலமாக இருந்தவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ். வியன்னாவில் கலை வரலாறு பயின்று, தாகூரின் அழைப்பின்பேரில் சாந்திநிகேதனுக்கு ஆசிரியையாக வந்தவர். இந்தியச் சிற்பத்தையும் கோயிற்கலையையும் பற்றிப் பின்னாளில் அவர் எழுதிய நூல்களை நம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். அன்று அவருக்கு இருபத்தாறு வயது. வைமாருக்குக் கடிதம் எழுதி ஓவியங்களைக் கேட்டுப் பெற்றார், கண்காட்சிப் பட்டியலுக்கு முன்னுரையும் எழுதினார்.

நாங்கள் இங்கே கவனிக்க விரும்புவது எளிய ஒரு செய்தி. கப்பலில் வந்தவை பெரும்பாலும் தாள்கள். நீர்வண்ணங்கள், மரச்செதுக்கு அச்சுகள், பென்சில் சித்திரங்கள். போரில் தோற்று, பணவீக்கத்தில் சிக்கித் தவித்த ஜெர்மனியிலிருந்து ஓர் இளம் கலைப்பள்ளி எண்ணெய் வண்ணக் கித்தான்களைச் சட்டமிட்டுப் பெட்டிகட்டி அனுப்பியிருக்க முடியுமா? தாள் எடை குறைந்தது, அடுக்கினால் பெட்டிக்குள் அடங்குவது. நவீன ஐரோப்பா இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது நீர்வண்ணத்தின் எளிமையால்தான். 'வாட்டர் கலர்தானே' என்று நாம் சொல்லும் அதே குறைதான் அதை இங்கே கொண்டுவந்தது.

இந்தக் கண்காட்சியைப் பற்றி மிகையாகச் சொல்வதும் தவறு. ஐரோப்பா வந்து காட்டியது, இந்தியா விழித்துக்கொண்டது என்ற கதையை எங்களால் ஏற்க முடியாது. ககனேந்திரநாத் தாகூரின் கனவடிவ ஓவியங்கள் இந்தப் பெட்டிகள் வருவதற்கு முன்பே உருவாகிவிட்டன. கிராம்ரிஷ் அவரை 'ரூபம்' இதழில் 1922இலேயே இந்தியக் கனவடிவவாதி என்று அறிமுகப்படுத்தியிருந்தார். அபனீந்திரநாத் தாகூர் அதற்கும் முன்பு, கல்கத்தாவுக்கு வந்த ஜப்பானிய ஓவியர்களின் உறவால், வரைந்த தாளை நீரில் நனைத்து எடுத்து மீண்டும் வரையும் முறையை உருவாக்கியிருந்தார். வங்காளத்தின் நவீனம் தொடக்கத்திலிருந்தே நீரில்தான் இருந்தது. ஆக 1922இல் நிகழ்ந்தது பாடம் நடத்துதல் அல்ல. வைமாரின் தாள்களும் கல்கத்தாவின் தாள்களும் ஒரே கண்காட்சியில் அருகருகே தொங்கின. பார்வையாளர் தாமே ஒப்பிட்டுக்கொள்ளலாம். யார் ஆசிரியர், யார் மாணவர் என்ற முன்தீர்ப்பு அந்தச் சுவரில் எழுதப்படவில்லை. ஓர் அயல்நாட்டுக் கண்காட்சி நமக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய நன்மை இதுவே என்று கருதுகிறோம்.

சென்னையில் அதற்கு இணையான அருகமைவு அன்று நேரவில்லை. ஆனால் நீர்வண்ண மரபு இங்கும் இருந்தது. அபனீந்திரநாத்திடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக வந்து 1957 வரை இருந்தார். அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் தம் தொடக்கக் காலத்தில் பெயர் பெற்றதே நீர்வண்ண நிலக்காட்சிகளால்தான். பிற்காலத்தில் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையையும், 1966இல் அவர் நிறுவிய சோழமண்டலத்தையும் நாம் கொண்டாடுகிறோம். அந்த நிலக்காட்சிகளை 'ஆரம்பக் காலம்' என்ற ஒரு சொல்லில் கடந்துவிடுகிறோம். இன்னும் பின்னே போனால், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேலூரில் வாழ்ந்த எல்லப்பா என்னும் ஓவியர், தாம் அமர்ந்து வரையும் கோலத்தை நீர்வண்ணத்தில் வரைந்துவைத்தார். லண்டனின் வாலஸ் கலெக்‌ஷன் 2019 டிசம்பரில் தொடங்கிய 'மறக்கப்பட்ட மேதைகள்' கண்காட்சியில் அவரும் ஒரு மேதையாக இடம்பெற்றார். எத்தனை தமிழ் வாசகர்களுக்கு அப்பெயர் தெரியும்? எங்களுக்கும் அந்தக் கண்காட்சி பற்றிய செய்தி வந்த பிறகுதான் தெரிந்தது. வேலூர்க்காரரை அறிய லண்டன் வழியாகச் செல்ல வேண்டியிருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

*

நீர்வண்ணம் இப்படி மறக்கப்படுவதற்கு அதன் இயல்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. அது வெளிச்சத்தைத் தாங்காது. வெளிச்சத்தையே பொருளாகக் கொண்ட கலைக்கு வெளிச்சமே பகை. மெல்லிய படலமாதலால் வண்ணம் விரைவில் வெளுக்கும், தாள் பழுக்கும். அருங்காட்சியகங்கள் தாளில் வரைந்தவற்றை வழக்கமாக 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில் சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு, மீண்டும் இருட்டறை இழுப்பறைகளுக்குள் ஆண்டுக்கணக்கில் ஓய்வு கொடுக்கின்றன. நிரந்தரக் கூடங்களில் ஆண்டு முழுவதும் தொங்குவது எண்ணெய் வண்ணமே. ஆகவே பார்வையாளர் மனத்தில் அருங்காட்சியகம் என்றால் எண்ணெய் வண்ணம் என்று பதிந்துவிடுகிறது. நீர்வண்ணத்தைப் பார்க்கத் தனிக் கண்காட்சி வரவேண்டும், அது முடிவதற்குள் நாம் அங்கே இருக்கவும் வேண்டும்.

இதில் நம் மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. ஐரோப்பிய ஓவியர்கள் வானத்தை வரையப் பயன்படுத்திய நீலங்களுள் ஒன்று அவுரி. இந்தியாவிலிருந்து, நம் தமிழ்நாட்டு வயல்களிலிருந்தும், கப்பலேறியது. அது வெயிலில் சீக்கிரம் வெளுக்கக்கூடியது. சாம்பல் நிற மேகத்துக்காக அவுரியோடு செங்காவியைக் கலந்து தீட்டிய பழைய ஆங்கில நீர்வண்ணங்கள் சிலவற்றில் நீலம் மறைந்து காவி மட்டும் தங்கிவிட்டது. மழை மேகம் அந்திவானமாகிவிட்டது. பார்ப்பவர் அந்தி என்றே நினைத்துக்கொள்வார்.

இதற்கு மாற்றாக ஒரு நல்ல நடைமுறையைச் சொல்லவேண்டும். ஹென்றி வான் என்னும் சேகரிப்பாளர் தம்மிடமிருந்த டர்னரின் நீர்வண்ணங்களில் 38ஐ ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்கு 1900இல் விட்டுச் சென்றார். அவர் விதித்த நிபந்தனை, ஆண்டில் வெளிச்சம் மிகக் குறைந்த ஜனவரி மாதத்தில் மட்டும் மக்களுக்கு இலவசமாகக் காட்டவேண்டும் என்பது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் எடின்பரோவில் ஜனவரி என்றால் டர்னர் என்று மக்கள் காத்திருக்கிறார்கள். திருவாதிரைக்கு மட்டும் சந்தனம் களையப்பட்டுத் தெரியும் உத்தரகோசமங்கை மரகத நடராசரை அறிந்த நமக்கு இதன் பொருள் புரியாமல் போகாது. ஆண்டில் ஒருமுறை மட்டும் காண்பது என்பதில் பாதுகாப்பும் இருக்கிறது, காத்திருப்பின் மதிப்பும் இருக்கிறது.

*

இவ்வளவையும் எழுதத் தூண்டிய இன்னொரு காரணத்தை இப்போது சொல்லவேண்டும். இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் பல்லாண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். எங்களில் இருவருக்கு அவர் வகுப்பெடுத்தவர். சென்ற ஆண்டு அவர் வீட்டை வெள்ளையடிக்க ஒழித்தபோது உதவிக்குப் போனோம். கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. திறந்தால், செய்தித்தாள்களுக்கு நடுவே அடுக்கிய நீர்வண்ணங்கள். இருநூறுக்குக் குறையாது. அரியமான் பக்கத்து அமைதியான பெண்கடலும், புதுமடம் பக்கத்து ஆண்கடலும் வெவ்வேறு நீலங்களில் இருந்தன. பெருங்குளத்துக் கண்மாய் வற்றிய கோடை, பனங்காட்டில் மழை இறங்கும் ஐப்பசி, பாம்பன் பழைய பாலத்தின் தூக்கு திறந்து படகுகள் கடக்கும் காலை. பள்ளிக்கூடத்துத் தாள், பள்ளிக்கூடத்து வண்ணம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லித்தந்த மலைகள் ஒன்றுகூட அந்தப் பெட்டியில் இல்லை.

"இதையெல்லாம் ஏன் சார் யாருக்கும் காட்டவே இல்ல?" என்று கேட்டோம். "காட்டுறதுக்கு இதுல என்ன தம்பி இருக்கு? வாட்டர் கலர்தான" என்றார்.

அந்தத் 'தானே'யை முதலில் கேட்டது அங்கேதான். செசான் புத்தகத்தின் மீது அது மீண்டும் ஒலித்தபோது இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

தாள்கள் பலவற்றில் ஓரங்கள் போய்விட்டன. இங்குள்ள உப்புக்காற்றின் ஈரம் தாளுக்கு ஆகாது. இராமபாணப் பூச்சி சில படங்களின் வானத்தைத் தின்றிருந்தது. பாதுகாக்க வழி கேட்டு ஓர் அலுவலகத்தை அணுகினோம். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு, ஆயில் பெயின்டிங் இருந்தால் கொண்டுவாருங்கள், இதெல்லாம் ஸ்கூல் டிராயிங் மாதிரி இருக்கிறதே என்றார்கள். அவர்களை நொந்துகொள்ள எங்களுக்கு உரிமையில்லை. எங்கள் இலக்கிய வட்டத்தின் கருத்தும் அதுவாகத்தானே இருந்தது.

ஒன்றை எச்சரிக்கையோடு சொல்கிறோம். எங்கள் ஆசிரியரைக் கிளேயோடு வரிசையில் நிறுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை. பெட்டிக்குள் மறைந்திருந்த மேதை என்று கதை கட்டுவதிலும் விருப்பமில்லை. அத்தகைய கதைகளின் ஆபத்துக்கு எமில் நோல்ட ஓர் எடுத்துக்காட்டு. 1937இல் நாஜி அரசு ஜெர்மானிய அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை அகற்றியது, 1941இல் அவருக்குத் தொழில் தடையும் விதித்தது. ஒளித்து வரைந்ததாகச் சொல்லப்பட்ட சிறு நீர்வண்ணங்களால் அவர் போருக்குப் பின் தியாகியாகவே போற்றப்பட்டார். 2019இல் பெர்லினில் நடந்த கண்காட்சி, அவர் நாஜிக் கட்சி உறுப்பினராகவும் யூத வெறுப்பாளராகவும் இறுதிவரை ஹிட்லரின் ஆதரவாளராகவும் இருந்ததை ஆவணங்களோடு எடுத்துவைத்தது. அந்த நீர்வண்ணங்களின் அழகு குறையவில்லை, அவற்றைச் சுற்றிப் பின்னிய கதை கலைந்தது. தாள்களைக் காப்பாற்றவேண்டும், புராணங்களை அல்ல.

எங்கள் ஆசிரியரின் தாள்களில் நல்லவையும் இருக்கின்றன, சாதாரணமானவையும் இருக்கின்றன. ஆனால் அவற்றின் மதிப்பு தரத்தில் மட்டும் இல்லை. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தைப் பல்லாயிரம் பேர் படமெடுத்திருக்கிறார்கள். ஆனால் முப்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பருவத்திலும் அந்த இரும்பின் மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்த கண் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? ஒளிப்படம் ஒரு கணத்தைப் பிடிக்கிறது. நீர்வண்ணக்காரர் ஒரு தாள் காய்வதற்காகும் நேரம் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரமும் தாளில் இருக்கிறது.

1922 கல்கத்தாக் கண்காட்சியிலிருந்து நாம் கற்கவேண்டிய இன்னொரு பாடம் இங்கே உதவுகிறது. 2013இல் டெசாவ் நகரின் பௌஹவுஸ் நிறுவனம் 'கல்கத்தாவில் பௌஹவுஸ்' என்ற பெயரில் அந்தப் பழைய சந்திப்பை மீண்டும் கண்காட்சியாக்கியது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அது முடிந்ததற்குக் காரணம், அன்று சிலர் கடிதங்களை வைத்திருந்தார்கள், பட்டியலை அச்சிட்டிருந்தார்கள், இதழில் எழுதியிருந்தார்கள். இன்ன ஓவியர், இன்ன பொருள் என்ற வரி இருந்தால் போதும், யாராவது ஒருநாள் தேடி வருவார்கள். அந்த வரியும் இல்லையென்றால் தேடுவதற்கே ஒன்றும் இராது.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். பெரிய அருங்காட்சியகம் வரட்டும், கிளேயும் செசானும் சென்னைக்கு வரட்டும், வந்தால் முதல் ரயிலில் போய் நிற்போம். ஆனால் அதற்காகக் காத்திருக்கும் வேளையில் நம் ஊர்களின் டிரங்குப் பெட்டிகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. ஓவிய ஆசிரியர்கள், சினிமாவுக்கும் விளம்பரப் பலகைக்கும் வரைந்தவர்கள், கோயில்களின் முன்னே அமர்ந்து வரைந்த மாணவர்கள் என்று எத்தனை பேருடைய தாள்கள் எத்தனை வீடுகளில் இருக்கும்? இலக்கிய வட்டங்கள் இதைத் தம் வேலையாக எடுத்துக்கொள்ளலாம். பழைய ஓலைகளையும் முதற்பதிப்புகளையும் தேடி அலைந்த மரபுதானே நம்முடையது? தாளைக் காப்பது நமக்குப் புதிதல்ல. அதில் எழுத்துக்குப் பதில் வண்ணம் இருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

இதற்கு நிபுணர்கள் வேண்டும், குளிரூட்டிய அறை வேண்டும், நம்மால் ஆகிற காரியமா என்று எங்கள் கூட்டத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. சிதைந்த தாளைச் செப்பனிடுவது நிபுணர் வேலை, அதில் நாம் கைவைக்கக்கூடாது. ஆனால் செய்தித்தாளை எடுத்துவிட்டு அமிலமில்லாத தாளை இடையில் வைப்பதற்கும், தரையிலிருந்து பெட்டியை உயர்த்தி வெளிச்சம் படாமல் மூடிவைப்பதற்கும், ஒவ்வொரு தாளையும் ஒளிப்படம் எடுத்து, எண்ணிட்டு, வரைந்தவரிடமே இடமும் ஆண்டும் கேட்டு எழுதிக்கொள்வதற்கும் நிபுணர் தேவையில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். வரைந்தவர் இருக்கும்போதே கேட்கவேண்டும் என்பது மட்டும் அவசரம்.

நாங்கள் தொடங்கிவிட்டோம். இதுவரை அறுபத்துமூன்று தாள்களுக்குப் பட்டியல் எழுதியாயிற்று. வருகிற ஜனவரியில் மூன்று மாலைகள் மட்டும், ஒரு நண்பரின் வீட்டுத் திண்ணையில், வெயில் இறங்கிய பிறகு, இருபது தாள்களைக் காட்டுவதாக இருக்கிறோம். அருகிலேயே அந்தச் செசான் புத்தகமும் கிளேயின் துனிசியப் படங்களின் அச்சுப் பிரதிகளும் விரித்துவைக்கப்படும். யார் பெரியவர் என்று எங்கும் எழுதி ஒட்டப்போவதில்லை. ஆசிரியரிடம் சொன்னபோது, "வாட்டர் கலருக்கு எதுக்கு தம்பி இவ்வளவு பாடு?" என்று சிரித்தார். மறுநாள் காலையில் ஆள் அனுப்பி, பெட்டியில் இல்லாத இன்னும் நான்கு தாள்களைக் கொடுத்துவிட்டார்.